மாலைதீவுக் கடலடியில் ஏழு நாள்

உலகப் படத்தை விரித்து வைத்துக்கொண்டு இலங்கைக்குத் தென்மேற்கே சற்று உற்று நோக்குவோமாயின், இந்து சமுத்திரத்தின் நீலப்பரப்பிலே ஊசிமுனையாற் குத்தி வைத்தாற்போன்ற சில புள்ளிகள் வடக்குத் தெற்காக நீண்டு செல்வதைக் காணலாம். அவையே மாலைதீவுகள். பெயருக்கேற்ப, மாலையாகக் கோத்துக் கடலில் இட்டாற்போலக் கிடக்கும் இத்தீவுகளின் தொகை ஏறக்குறைய 1,190. அவற்றுள் மக்கள் ஊர் அமைத்து வாழ்பவை இருநூறுக்கும் குறைவு. வட முனையிலிருந்து தென் முனை வரை 800 கிலோமீற்றருக்கு மேல் நீண்டு கிடந்தாலும், எல்லாத் தீவுகளின் நிலத்தையும் ஒன்றுசேர்த்து அளந்தால் 300 சதுர கிலோமீற்றர் அளவே தேறும். யாழ்ப்பாண மாவட்டத்தின் பரப்பில் இது மூன்றிலொரு பங்குகூட இல்லை. அந்நாட்டில் மலை இல்லை, ஆறு இல்லை. கடல்மட்டத்துக்கு மேல் 3 மீற்றர் உயர்ந்த இயற்கை நிலத்தைக் காண்பதும் அரிது.

எஞ்சியதெல்லாம் கடலே. ஆகவே மாலைதீவைப் பார்க்கச் சென்ற ஒருவர் தீவுகளை மாத்திரம் பார்த்துத் திரும்புவாராயின், அவர் அந்நாட்டின் திண்ணையில் அமர்ந்துவிட்டு வந்தவரேயாவர். வீடு நீருக்கடியில் இருக்கிறது.

சென்ற மார்கழி விடுமுறையில் அவ்வீட்டினுள் நுழைந்து பார்க்கும் வாய்ப்பு எமக்குக் கிட்டியது. சில ஆண்டுகளாகத் திருகோணமலைக் கடலிலே சுழியோடப் பழகி, அதற்குரிய தகுதிப் பத்திரமும் பெற்றிருந்தோம். மாலைதீவில் ஏழு நாளும் கப்பலிலேயே உண்டு, கப்பலிலேயே உறங்கி, நாளொன்றுக்கு மூன்று முறை கடலில் இறங்கிவரும் பிரயாணங்கள் உண்டு என்று நண்பரொருவர் கூறவே, புறப்படத் துணிந்தோம். கொழும்பிலிருந்து மாலே நகரத்துக்கு விமானத்தில் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரப் பிரயாணம். அங்கு இறங்கியதும் கைக்கடிகாரத்தை அரைமணி நேரம் பின்தள்ளி வைத்தல் வேண்டும். விமான நிலையமே ஒரு தனித்தீவு. வாசலைத் தாண்டியவுடன் படகுத்துறை.

கங்கணத் தீவுகள்

விமானம் தாழப் பறக்கத் தொடங்கியதும் கீழே தோன்றிய காட்சியை எளிதில் மறக்க இயலாது. கருநீலக் கடலின் நடுவே வெளிர்பச்சைக் கங்கணங்கள் பல கிடந்தன. அலைகள் மோதி உடைவதால் ஒவ்வொரு கங்கணத்தின் விளிம்பும் வெள்ளிக்கம்பி பதித்தாற்போல மின்னியது. விளிம்பின் மேல் ஆங்காங்கே சிறு தீவுகள். உள்ளே அமைதியான நீர்ப்பரப்பு. இத்தகைய வளையத்தை அந்நாட்டு மக்கள் தமது திவேகி மொழியில் 'அத்தொளு' என்பர். உலகின் பல மொழிகள் இன்று வழங்கும் 'அட்டோல்' என்னும் சொல் இதிலிருந்தே பிறந்தது. மாலைதீவில் இயற்கையாக அமைந்த வளையங்கள் 26 எனக் கணக்கிடுவர்.

இவ்வளையங்கள் தோன்றிய விதத்தைச் சாள்ஸ் டார்வின் 1842ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலொன்றில் விளக்கினார். கடலினின்றும் எரிமலை ஒன்று எழுந்து நிற்கிறது. அதன் கரையைச் சுற்றி முருகைக்கல் வளர்கிறது. காலப்போக்கில் மலை மெல்ல மெல்ல அமிழ்கிறது. முருகை உயிர்களுக்கோ சூரிய ஒளி இன்றியமையாதது. ஆகவே மலை அமிழ அமிழ அவை மேலே மேலே கட்டிக்கொண்டு வருகின்றன. ஈற்றில் மலை மறைந்துவிட, அதைச் சூழ்ந்த மதில் மாத்திரம் எஞ்சுகிறது. மாலைதீவில் எண்ணெய் தேடித் துளையிட்டபோது, 2 கிலோமீற்றருக்கு மேற்பட்ட தடிப்புள்ள சுண்ணக்கல்லைக் கடந்த பின்னரே எரிமலைப் பாறை தென்பட்டது. இவ்வளவு பெரிய கோட்டையைக் கட்டிய கொத்தன் யார்? பெரும்பாலும் ஓர் உழுந்தளவே உள்ள மெல்லுடற் பிராணி!

முற்காலத்து மாலுமிகளுக்கு இம்முருகைக்கற்பாறைகள் எமன் விரித்த வலையாகவே தோன்றின. பிரான்சு நாட்டவரான பிராசுவா பிரார் என்பவர் 1602இல் இங்கே கப்பல் உடைந்து கரையேறி, ஐந்து ஆண்டுகள் வரை நாடு திரும்ப வழியின்றி வாழ்ந்தார். இலங்கைப் புதைபொருளாராய்ச்சிப் பகுதியின் தலைவராக விளங்கி, மாலைதீவின் வரலாற்றை ஆராய்ந்து பெருநூல் எழுதிய எச். சி. பி. பெல் அவர்களும் 1879இல் கப்பற்சேதத்தின் பயனாகவே அந்நாட்டில் முதன்முதல் கால்வைத்தார். பாறைகளை நாடி அவற்றின் அடியில் இறங்கிப் பார்க்கும் காலம் பின்னரே வந்தது. ஒஸ்திரிய நாட்டு ஆராய்ச்சியாளர் ஹான்ஸ் ஹாஸ் 1957, 58ஆம் ஆண்டுகளில் தமது பாய்க்கப்பலில் வந்து இக்கடலடியை ஆராய்ந்தார். 1972இல் உல்லாசப் பிரயாணிகளுக்கான முதல் விடுதி திறக்கப்பட்டது. இன்று உலகெங்குமிருந்து சுழியோடிகள் இங்கு வந்து குவிகின்றனர்.

தோணியும் மாசியும்

எமது கப்பலில் பிரயாணிகள் பதினெண்மர் இருந்தனர். தங்கும் கப்பல் ஒன்று. அதனைப் பின்தொடர்ந்து வரும் சிறு மரக்கலம் மற்றொன்று. காற்றுக் கலங்களும் அவற்றில் காற்றை அடைக்கும் இயந்திரமும் சிறு மரக்கலத்திலேயே இருந்தன. அதனை அவர்கள் அழைக்கும் பெயர் 'தோணி'. பிற நாட்டுப் பிரயாணிகள் அச்சொல்லை உச்சரிக்கப் பழகிக்கொண்டிருந்தபோது, எமக்கு மாத்திரம் ஊர்த் துறைமுகத்தில் நிற்பது போன்ற உணர்ச்சி உண்டாயிற்று.

இரண்டாவது உறவைச் சமையலறையிற் கண்டோம். சமையற்காரர் மட்டக்களப்பைச் சேர்ந்தவர். முதல் நாட் காலையில் அவர் எமக்குப் படைத்தது 'மஸ்ஹுனி' என்னும் மாலைதீவுக் காலையுணவு. சூரை மீனை உதிர்த்து, தேங்காய்த் துருவல், வெங்காயம், மிளகாய், எலுமிச்சம் புளி சேர்த்துப் பிசைந்து ரொட்டியுடன் உண்பது. "எங்கட மாசிச் சம்பலுக்கு இது ஒன்றுவிட்ட சகோதரம், சேர்" என்றார் அவர். உண்மையே. எமது வீடுகளிலே சம்பலுக்கு இடிக்கும் மாசி, அந்நாட்டார் சூரை மீனை அவித்து, புகையூட்டி, வெயிலில் உலர்த்தி, மரக்கட்டைபோல இறுகச் செய்து அனுப்புவதன்றோ! நெடுங்காலமாக இலங்கையே அதற்குப் பெருஞ்சந்தையாக இருந்து வருகிறது.

அச்சூரையை அவர்கள் பிடிக்கும் முறையையும் ஒருநாள் மாலையில் தொலைவிலிருந்து கண்டோம். தோணியின் பின்புறத்தே வரிசையாக நின்று, சிறு மீன்களை உயிருடன் கடலில் வீசி, சூரைக் கூட்டத்தை அருகில் வரவழைத்து, தூண்டிற் கோலால் ஒவ்வொன்றாக இழுத்துப் போடுகின்றனர். வலையை விரித்து வந்ததையெல்லாம் வாரும் வழக்கம் அங்கில்லை. ஒரு தூண்டில், ஒரு மீன். ஆமையும் ஓங்கிலும் வலையிற் சிக்கி வீணே மடியும் நிலை இதனால் தவிர்க்கப்படுகிறது.

நீருக்குள் இறங்குமுன்

எம் நாட்டுச் சுழியோடிகள் மன்னார்க் கடலிலே கல்லின் துணைகொண்டு ஒரே மூச்சில் இறங்கி முத்துச்சிப்பி வாரிய வரலாற்றை மாணவர்கள் அறிவர். இன்றைய சுழியோடி மூச்சை அடக்குவதில்லை. 1943இல் பிரான்சு தேசத்தில் கூஸ்தோ, காஞ்யான் என்னும் இருவர் ஆக்கிய கருவி, நீரின் அழுத்தத்துக்கு ஏற்ற அழுத்தத்தில் காற்றை வாயிற் சேர்க்கிறது. ஒவ்வொரு 10 மீற்றர் ஆழத்துக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். 30 மீற்றர் ஆழத்தில் நான்கு மடங்கு. அந்த ஆழத்தில் ஒருவர் இழுக்கும் ஒவ்வொரு மூச்சும் தரையில் இழுக்கும் நான்கு மூச்சுக்குச் சமமான காற்றைச் செலவிடுகிறது. அழுத்தம் மிகுந்த இடத்தில் நைதரசன் வாயு குருதியிலும் இழையங்களிலும் கரைகிறது. விரைந்து மேலெழுந்தால், சோடாப் போத்தலைத் திறந்தவுடன் குமிழ்கள் பொங்குவதுபோல உடம்பினுள்ளே குமிழ்கள் தோன்றி உயிருக்கே ஊறு செய்யும். ஆகவே மெதுவாக ஏறி, 5 மீற்றர் ஆழத்தில் மூன்று நிமிடம் தரித்து நின்ற பின்னரே வெளியே தலைகாட்டுதல் முறை. மாலைதீவில் உல்லாசச் சுழியோடிகள் 30 மீற்றருக்குக் கீழே செல்லுதல் கூடாது என்பது சட்டம்.

எமக்கு வழிகாட்டியாக வந்தவர் முப்பத்தேழு வயதுடைய மாலைதீவர். இளமையிற் சில ஆண்டுகள் கொழும்பிலே கல்வி பயின்றவராதலால் எம்மிடம் தனிப்பட்ட அன்பு பாராட்டினார். ஒவ்வொரு முறையும் இறங்குமுன் பலகையிலே பாறையின் படத்தை வரைந்து, நீரோட்டம் வரும் திசையை அம்புக்குறியாற் காட்டுவார். முடிவில் ஒரே வாக்கியத்தைத் தவறாது கூறுவார்: "எதையும் தொடாதீர்கள், நீங்கள் கல்லென்று நினைப்பது உயிர்."

கால்வாயின் வாயிலிலே

எம்மவர் வாடைக்காற்று என்பதை மாலைதீவர் 'இருவை' என்பர். எமது சோழகம் அவர்களுக்கு 'ஹுளங்கு'. இவ்விரு காற்றுகளே அக்கடலின் பஞ்சாங்கம். இருவைக் காலத்தில் சமுத்திர நீர் கிழக்கேயிருந்து வளையங்களுக்குள்ளே புகுந்து மேற்கே வெளியேறும். ஆதலால் கிழக்கு விளிம்பிலுள்ள கால்வாய்களில் தெளிந்த நீரும், அதனை எதிர்நோக்கி நிற்கும் பெருமீன்களும் காணப்படும். மேற்கு விளிம்பிலோ, வளையத்தினுள்ளே பெருகிய நுண்ணுயிர்கள் நீருடன் கலந்து செல்ல, அவற்றை உண்ணும் திருக்கைகள் கூடும். சோழகக் காலத்தில் யாவும் தலைகீழாக மாறும். எமது கப்பல் இக்கணக்கையொட்டியே தன் பாதையை வகுத்துக்கொண்டது.

இரண்டாம் நாள் மாலேக்குத் தெற்கேயுள்ள வாவு வளையத்தை அடைந்து, அதன் கிழக்கு விளிம்பிலுள்ள போத்தெயோ என்னும் கால்வாயில் இறங்கினோம். நீல வெளி, மேலும் கீழும் தெரியாத நிலை. சிறிது நேரத்தில் கால்வாயின் விளிம்பு ஒரு மாளிகையின் முகப்புப்போலக் கண்முன் எழுந்தது. அதன் கூரையின் அடிப்புறமெங்கும் மெல்லிய மஞ்சள் முருகைகள் பூத்துத் தொங்கின. விளிம்பைப் பற்றாமல், நீரோட்டத்துக்கு முகங்கொடுத்து, அடிநிலத்தை ஒட்டினாற்போல நின்றோம். எதிரே சாம்பல்நிறச் சுறாக்கள் பதினைந்து இருபது, சிறகசைக்காத பருந்துகள்போல நீரோட்டத்தில் மிதந்து நின்றன. பாரை மீன்கள் வெள்ளித் தகடுகளாக வளைந்து வளைந்து சென்றன. புள்ளித்திருக்கை மூன்று, பறவைகளைப்போலச் சிறகடித்துக் கடந்தன. சுறா என்றவுடன் மனத்தில் எழும் அச்சம் அங்கே எழவில்லை. அவை எம்மை ஒருமுறை நோக்கின. உண்ணத்தக்கன அல்ல எனக் கண்டுகொண்டன போலும், மீண்டும் தம் காவலுக்குத் திரும்பின.

ஒரு காலத்தில் இச்சுறாக்களைச் செட்டைக்காகக் கொன்று குவித்தனர். 1990களின் தொடக்கத்தில் அந்நாட்டு ஆராய்ச்சியாளர் ஒரு கணக்குப் பார்த்தனர். சுழியோடிகள் காணத்தக்க இடத்தில் உயிருடன் உலவும் ஒரு சுறாவினால் ஓராண்டில் நாட்டுக்குக் கிடைக்கும் வருவாய், அதனைக் கொன்று ஒருமுறை விற்பதாற் கிடைப்பதைப்போல ஏறக்குறைய நூறு மடங்கு என்பது தெரியவந்தது. 2010இல் மாலைதீவு அரசு சுறா பிடித்தலை முற்றாகத் தடைசெய்தது. அறத்துக்குக் கணக்கும் துணைசெய்த அரிய நிகழ்ச்சி அது.

பெரியவையும் சாதுவானவையும்

நான்காம் நாள் கடலைக் கடந்து ஆரி வளையத்தின் தென்பாகத்தை அடைந்தோம். மாமிகிலித் தீவை அடுத்த கடல் 2009இல் காப்பிடமாகப் பிரகடனம் செய்யப்பட்டது. அங்கு ஆண்டு முழுவதும் திமிங்கிலச் சுறாக்கள் உலவுகின்றன. உலகின் மீன்களுள் எல்லாம் பெரியது இதுவே. அங்கு வருபவை பெரும்பாலும் பருவமடையாத ஆண்சுறாக்கள் என்பர். காலை முழுவதும் கப்பலின் மேற்றட்டில் நின்று கடலைத் துழாவினோம். நண்பகல் நெருங்கும் வேளையில் மாலுமியொருவர் கையை நீட்டினார். குதித்துப் பார்த்தபோது, வெண்புள்ளிகள் வரிசை வரிசையாக இட்ட ஒரு நீண்ட உடல், எமது தோணியின் பாதி நீளம் இருக்கும், எமக்குக் கீழே நிதானமாகச் சென்றுகொண்டிருந்தது. அகன்ற வாயைத் திறந்து அது வடித்து உண்பதோ பெரும்பாலும் மிகச் சிறிய உயிர்களையே. ஐந்து நிமிடம் உடன் நீந்தியிருப்போம். பின்னர் அது வாலை இருமுறை அசைத்து ஆழத்தில் மறைந்தது.

மறுநாள் மேற்கு விளிம்பிலே ரங்காலித் தீவுக்கு அணித்தான மடிவரு என்னுமிடத்தில் இறங்கினோம். 'மடி' என்பது திவேகியில் திருக்கையைக் குறிக்கும். பாறையொன்றின் அருகே காத்திருந்தோம். யானைத்திருக்கை ஒன்று வந்தது. மூன்று மீற்றருக்குக் குறையாத அகலம். பாறைக்கு மேலே வந்ததும் அது அசைவற்று நின்றது. உடனே விரலளவு நீளமுள்ள சிறு மீன்கள் பாறையினின்றும் புறப்பட்டு, அதன் உடலிலும் செவுள்களிலும் ஒட்டியிருந்த சிற்றுயிர்களைக் கொத்தித் தின்றன. நாவிதர் கடையில் முறைக்காகக் காத்திருப்பவர்போல, பின்னால் மேலும் இரண்டு திருக்கைகள் வட்டமிட்டு நின்றன! பெரியது சிறியதை விழுங்குவதே கடலின் நீதி எனக் கேட்டிருக்கிறோம். பெரியது சிறியதன்முன் பணிந்து நிற்பதையும் அங்கே கண்டோம்.

யானைத்திருக்கையின் வயிற்றிலுள்ள கரும்புள்ளிகள் எமது கைரேகைபோல ஒன்றுக்கொன்று வேறுபட்டவை. அவற்றைப் படம்பிடித்து ஆயிரக்கணக்கான திருக்கைகளைத் தனித்தனியே ஆராய்ச்சியாளர் இனங்கண்டுள்ளனர். பெண்திருக்கை ஏறக்குறைய ஓராண்டு சூல்கொண்டு ஒரே குட்டியை ஈனும். ஒன்றை இழந்தால் அவ்விடத்தை நிரப்ப எத்தனை ஆண்டு செல்லும் என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

பெருமீன்களைப் பற்றியே கூறி, சிறியவற்றை மறத்தல் தகாது. மாலைதீவையும் இலங்கையையும் சூழ்ந்த கடலில் மாத்திரம் வாழும் செம்மஞ்சள் நிறக் கோமாளி மீனொன்று உண்டு. கடற்சாமந்தியின் நச்சுக் கைகளுக்கிடையே அது அச்சமின்றிக் குடியிருக்கிறது. பிற மீன்களைச் சுடும் நஞ்சு அதனைத் தீண்டுவதில்லை. குடும்பத்தின் தலைமை பெண்மீனுக்கே. அது இறந்துவிடின், ஆண்மீன்களுள் மூத்தது பெண்ணாக மாறித் தலைமையை ஏற்கும். மாணவர்கள் இதைக் கட்டுக்கதை என எண்ணவேண்டாம். உயிரியலாளர் நன்கு ஆராய்ந்து கண்ட உண்மை.

மணலின் பிறப்பிடம்

ஆரி வளையத்தின் வடபாகத்தில் மாயாதிலா என்றொரு பாறை உண்டு. 'திலா' என்பது நீருக்குள் மறைந்து நிற்கும் குன்று. அதன் உச்சி 6 மீற்றர் ஆழத்தில் இருக்கிறது. ஐந்தாம் நாள் இரவு கையில் மின்விளக்குடன் அங்கு இறங்கினோம். பகலில் நீலமாய்த் தோன்றிய யாவும் விளக்கொளியில் தம் உண்மை நிறத்தைக் காட்டின. நீர் முதலில் உறிஞ்சிவிடும் நிறம் சிவப்பாதலின், பகலில் ஆழத்திலே சிவப்பு கருமையாகவே தோன்றும். இரவில் விளக்கை அருகே பிடித்தால் பாறை முழுவதும் குங்குமமும் மஞ்சளும் கொட்டினாற்போல ஒளிர்கிறது. வெண்முனைச் சுறாக்கள் பாறையிடுக்குகளில் இரை தேடி நெளிந்தன. அஞ்சாலை மீனொன்று பாம்புபோல வளையினின்றும் வெளிப்பட்டு எம்மைக் கடந்து சென்றது.

ஓர் இடுக்கிலே கிளிமீன் ஒன்று உறங்கிக்கொண்டிருந்தது. அதனைச் சுற்றிக் கண்ணாடித் தாள்போன்ற உறையொன்று. கிளிமீன்களுட் சில, இரவுதோறும் தம் வாயினின்றும் வழியும் பசையால் இவ்வுறையைச் செய்து அதனுள் துயில்கின்றன. பகலிலே இம்மீன் செய்யும் தொழில் இன்னும் வியப்புக்குரியது. கிளியின் அலகுபோன்ற பற்களால் இறந்த முருகையைச் சுரண்டி, அதிற் படர்ந்த பாசியை உண்டு, கல்லை அரைத்து மணலாகக் கழிக்கிறது. பகலில் நீருக்குள் 'கறுக், கறுக்' என்று இடைவிடாமற் கேட்ட ஓசை இதுவே. பா வளையத்திலுள்ள வக்கரு என்னும் தீவைச் சூழ்ந்த பாறையில் நடத்திய ஆராய்ச்சி 2015இல் வெளியாயிற்று. அப்பாறையிற் புதிதாக உண்டாகும் மணலில் நூற்றுக்கு 85 பங்குக்கு மேல் கிளிமீன்களாலேயே உண்டாகிறது என அது கூறுகிறது. விளம்பரப் படங்களிற் காணும் அந்த வெண்மணற் கரை ஒரு மீனின் உழைப்பு!

இங்கே தான் மாலைதீவின் உண்மை புலனாகிறது. முருகை கல்லைக் கட்டுகிறது; கிளிமீன் கல்லை மணலாக்குகிறது; அலை மணலைக் குவித்துத் தீவாக்குகிறது; தீவின்மேல் தென்னை முளைக்கிறது; தென்னையின் கீழ் மனிதன் குடியேறுகிறான். வேறு நாடுகளில் நிலம் முன்னோர் விட்டுச்சென்ற முதுசொம். இங்கோ அது அன்றாடம் உழைத்துச் சேர்க்கும் கூலி. உழைப்பவர் நின்றுவிட்டால்?

வெளுத்த பாறைகள்

அவ்வினாவுக்கு விடையை ஆறாம் நாள் கண்டோம். ஆழங்குறைந்த ஒரு பாறைத்திடலில் நீந்தினோம். கிளைகிளையாக வளரும் முருகைகள் முறிந்து, சாம்பல்நிறப் பாசி மூடி, எலும்புக் குவியல்போலப் பல யார் தூரம் கிடந்தன. மீன்களும் அங்கே குறைவு. முன்னாட்களில் கண்ட மாளிகைகளுக்கும் இதற்கும் கடலே வேறோ என்று ஐயுற வேண்டியிருந்தது.

முருகைப் பிராணியின் உடலினுள்ளே நுண்ணிய பாசியுயிர்கள் வாழ்கின்றன. அவையே சூரிய ஒளியிலிருந்து உணவாக்கி முருகைக்கு ஊட்டுகின்றன, நிறமும் தருகின்றன. கடல்நீரின் வெப்பம் கோடைகாலத்து வழக்கமான உச்சநிலைக்கு மேல் ஒரு பாகை உயர்ந்து சில கிழமைகள் நீடித்தாலே போதும், முருகை அப்பாசியுயிர்களை வெளியே தள்ளிவிடுகிறது. அப்போது அதன் வெண்ணிற எலும்பு வெளியே தெரியும். இதனையே வெளுத்தல் என்பர். வெப்பம் விரைவில் தணிந்தால் முருகை பிழைக்கும். இல்லையேல் பட்டினியால் மடியும்.

அன்று மாலை வழிகாட்டி எம்மருகே அமர்ந்து தம் ஊர்க்கதையைக் கூறினார். 1998இல் அவர் பத்து வயதுச் சிறுவன். சித்திரை, வைகாசி மாதங்களில் ஊரைச் சூழ்ந்த பாறை முழுவதும் வெண்மையாகியது. "பாறை பூத்துவிட்டது என்று நாங்கள் சிறுவர்கள் கூவிக்கொண்டு ஓடினோம், சேர். என் பாட்டனார் மாத்திரம் கரையில் நின்று ஒன்றும் பேசவில்லை. சில மாதங்களில் அந்தப் பூவெல்லாம் கறுத்துப் போயிற்று" என்றார். அவ்வாண்டில் நடு வளையங்களின் ஆழங்குறைந்த பாறைகளில் நூற்றுக்கு 90 பங்கு முருகை மடிந்த இடங்கள் பல என்று ஆராய்ச்சியாளர் பதிந்துள்ளனர்.

ஆயினும் பாறைகள் மீண்டும் தளிர்த்தன. ஏறக்குறைய பதினைந்து ஆண்டுகளிற் பல இடங்கள் பழைய அழகை எய்தின. அவ்வேளையில், 2016இல், இரண்டாவது பெரும் வெப்பம் வந்தது. முருகைகளில் நூற்றுக்கு 60 பங்குக்கு மேல் வெளுத்தன. 2024இல் மீண்டும் வெளுப்பு நிகழ்ந்தது. முதலாவதற்கும் இரண்டாவதற்கும் இடையே 18 ஆண்டுகள். இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் இடையே 8 ஆண்டுகள் மாத்திரமே. நோயாளி எழுந்து நடக்கப் பத்து ஆண்டுக்கு மேல் வேண்டும். நோயோ எட்டே ஆண்டில் திரும்பி வருகிறது. இக்கணக்கைச் செய்ய உயர்கணிதம் வேண்டியதில்லை.

"உங்கள் பிள்ளைகளும் இத்தொழிலுக்கே வருவார்களா?" என்று கேட்டோம். சற்று நேரம் கடலையே பார்த்துக்கொண்டிருந்தார். "மூத்தவனுக்கு எட்டு வயது. நீந்தப் பழக்கிவிட்டேன். சென்ற மாதம் எங்கள் பாறையிற் கைவிரல் அளவில் புதிய முருகைகள் முளைத்திருப்பதைக் கொண்டுபோய்க் காட்டினேன். அவை எவ்வளவு வளர்ந்தன என்று ஆண்டுதோறும் அவனே அளந்து எழுதி வைக்கவேண்டும் என்று சொல்லியிருக்கிறேன்" என்றார். அதற்குமேல் அவரும் பேசவில்லை, நாமும் கேட்கவில்லை.

மதிலும் மனிதரும்

விமானம் ஏறுமுன் ஒருநாள் முழுவதும் சுழியோடாதிருத்தல் வேண்டும் என்பது விதி. ஆகவே ஏழாம் நாளை மாலே நகரத்திற் கழித்தோம். அந்நகரத்தின் கரையிலே நான்கு கால்களையுடைய பெரும் கொங்கிறீற்றுக் கட்டிகள் அடுக்கடுக்காகக் கிடந்தன. 1987இல் பேரலைகள் நகரத்துட் புகுந்து சேதம் விளைவித்த பின்னர், யப்பானிய அரசின் உதவியுடன் பெருஞ்செலவில் கட்டிய அலைதடுப்பு மதில் அது. பாறைகளை மூடி நிலமாக்கியதாலும், வீடு கட்ட முருகைக்கல் அகழ்ந்ததாலும் இயற்கை மதில் நலிவுற்றது. ஆகவே செயற்கை மதில் வேண்டியதாயிற்று. ஒரு நகரத்துக்கு இவ்வாறு செய்யலாம். ஏறக்குறைய இருநூறு ஊர்த்தீவுகளுக்கும் செய்வதற்கு எந்த அரசினால் இயலும்? முருகை இந்த வேலையை இரவும் பகலும் கூலியின்றிச் செய்து வந்தது. அலை உடைந்தால் அது தன்னைத் தானே திருத்திக்கொண்டது. கொங்கிறீற்றுக் கட்டிக்கு அந்த வித்தை தெரியாது.

அந்நாட்டு மக்கள் தம்மால் இயன்றதைச் செய்கின்றனர். சுறாவையும் திருக்கையையும் ஆமையையும் காக்கச் சட்டம் இயற்றினர். தூண்டிலால் மீன் பிடிக்கும் முன்னோர் முறையைக் கைவிடாதிருக்கின்றனர். ஆனாற் கடலைச் சூடேற்றும் புகை அவர்கள் வீட்டு அடுப்பிலிருந்து எழுவதன்று. உலகமெல்லாம் எரிக்கும் நிலக்கரியும் எண்ணெயும் அதற்குக் காரணம். எம்மை ஏற்றிச் சென்ற விமானத்துக்கும் கப்பலுக்கும் அதில் ஒரு சிறு பங்கு உண்டு.

இது அயல்நாட்டுக் கதைதானே என்று நாம் வாளாவிருக்க இயலாது. 1998இல் எமது ஹிக்கடுவை, பாசிக்குடாப் பாறைகளும் வெளுத்து மடிந்தன. யாழ்ப்பாணக் குடாநாட்டின் அடித்தளமாகிய சுண்ணக்கல்லும் மயோசீன் காலத்துக் கடலிலே படிந்ததுதான். அதனுள்ளே தங்கிய மழைநீரையே எமது கிணறுகள் தருகின்றன. கடலுயிர்கள் கட்டிய தரையின்மேல் வாழ்பவர் மாலைதீவர் மாத்திரமல்லர்.

ஆகவே இக்கட்டுரையை வாசிக்கும் மாணவர்களுக்கு ஒன்று கூற விரும்புகிறோம். எல்லோரும் மாலைதீவுக்குப் போகவேண்டியதில்லை. காற்றுக் கலத்தைச் சுமந்து 30 மீற்றர் ஆழத்துக்கு இறங்கவேண்டியதும் இல்லை. கடல் தெளிந்திருக்கும் காலத்தில், நீச்சல் தெரிந்த பெரியோர் துணையுடன், கண்ணாடியணிந்து நிலாவெளியிலோ பாசிக்குடாவிலோ பாறையொன்றின்மேல் அரைமணி நேரம் மிதந்து பாருங்கள். கண்டதை ஒரு குறிப்புப் புத்தகத்தில் திகதியிட்டு எழுதி வையுங்கள்: எத்தனை வகை மீன், எவ்விடத்தில் எந்நிற முருகை, எவ்வளவு உயரம். அடுத்த ஆண்டும் அதே இடத்துக்குச் சென்று எழுதுங்கள். பத்து ஆண்டுகள் சென்றபின், அந்தக் கடலைப் பற்றிப் பேசுவதற்கு உங்களைக் காட்டிலும் தகுதியுடையவர் அதிகம் பேர் இருக்கமாட்டார்கள்.